கூடு வளர்ந்தால் போதாது, முட்டை தேற வேண்டும்

செம்மறி ஆட்டைப் பற்றிப் பேசும்போது நாம் கிடாயைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். சந்தையில் விலை கேட்பதும் கிடாய்க்குத்தான், கோயிலுக்கு நேர்ந்து விடுவதும் கிடாயைத்தான். பெட்டை ஆட்டை "குட்டி போட்டால் போதும்" என்ற அளவில் விட்டுவிடுகிறோம். பட்டியின் முதல் என்பது பெட்டை ஆட்டின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. அந்த முதலைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கும் வேலை, இராமநாதபுரம் சீமையில் இருபது, முப்பது ஆடு வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கும் சம்பந்தமுள்ளது. எனவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

பெட்டை ஆட்டின் சினைப்பை மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. குட்டி பிறக்கும்போதே அதனுள் பல்லாயிரக்கணக்கான சினைமுட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முட்டையையும் சுற்றி ஒரு சிறு உறை உண்டு. ஆய்வாளர்கள் இதை பாலிக்கிள் என்பார்கள். நாம் முட்டைக்கூடு என்று வைத்துக்கொள்வோம். ஆடு வளர்ந்து பருவத்துக்கு வந்த பிறகு 17 நாட்களுக்கு ஒருமுறை ஒரு கூடு, சில சமயம் இரண்டு கூடு, முதிர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. மற்றவை வளரத் தொடங்கி நடுவழியில் கருகிப் போகின்றன. ஓர் ஆடு தன் ஆயுளில் ஏழெட்டுக் குட்டி, மிஞ்சினால் பத்துக் குட்டி போடும். மீதமுள்ள அத்தனை ஆயிரமும் வீண்தான்.

ஆடு கசாப்புக் கடைக்குப் போனால் அந்தச் சினைப்பை குப்பைக்குப் போகிறது. நல்ல பால் மடியும், வறட்சி தாங்கும் உடம்பும், வருடம் தவறாமல் ஈனும் குணமும் உள்ள ஆடாக இருந்தாலும் அதே கதிதான்.

கிண்ணத்தில் வளரும் கூடு

வீணாகப் போகும் இந்தச் சிறு கூடுகளைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊட்டம் கலந்த நீரில் வைத்து வளர்த்து, முட்டையை முற்றச் செய்து, கிடாயின் விந்தோடு சேர்த்துக் கரு உண்டாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று முதலில் காட்டியது எலியில். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் எப்பிக், ஓபிரையன் என்ற இருவர், பிறந்த எலிக்குஞ்சின் சினைப்பையில் இருந்த மிகச் சிறிய கூடுகளையே கிண்ணத்தில் வளர்த்து, 1996-ஆம் ஆண்டில் உயிருள்ள எலியைப் பெற்றார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிலையத்தின் ஆய்வாளர்கள், எருமையின் சிறு கூடுகளைக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றின் முட்டைகளிலிருந்து கரு உண்டாக்கியதை 2008-இல் வெளியிட்டார்கள். திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் செம்மறி ஆட்டின் கூடுகளை எடுத்து, தைராக்சின், எப்.எஸ்.எச். முதலிய ஹார்மோன்களை ஊட்டநீரில் சேர்த்து வளர்த்து, அந்த முட்டைகளைக் கருவின் ஆரம்ப நிலை வரை கொண்டுவந்தார்கள். அது வெளிவந்தது 2010-இல். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் சியாரா என்ற மாநிலம் இருக்கிறது. நம் முதுகுளத்தூர், கமுதி போல மழை குறைந்த, முள்மரம் மண்டிய, ஆடுகளை நம்பிய பூமி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வெள்ளாட்டின் கூடுகளில் அதே 2010 வாக்கில் கரு வரை போயிருக்கிறார்கள். பணக்கார நாட்டுக்கு மட்டுமே உரிய வேலை இது அல்ல என்பதற்காகவே சியாராவைச் சொல்ல நேர்ந்தது.

ஹார்மோன் சொல்வதும் சொல்லாததும்

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. கிண்ணத்தில் வைத்த கூடு நன்றாக வளர்கிறதா என்று எப்படி அறிவது? உள்ளே இருக்கும் முட்டையை எடுத்துப் பார்த்தால் கூடு உடைந்துவிடும். எனவே கூட்டைச் சுற்றியுள்ள நீரைத் துளி எடுத்து அதில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். கூட்டின் சுவரில் உள்ள செல்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. ஆட்டைப் பருவத்துக்குக் கொண்டுவருவது இதுவே. கூடு பெரிதாகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது என்றால் சுவர் உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது என்று பொருள். இது நல்ல அறிகுறிதான்.

ஆனால் சுவர் வேலை செய்வதால் உள்ளே இருக்கும் முட்டை தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. சில கூடுகள் பார்க்கப் பெரிதாகும், ஹார்மோனும் கொடுக்கும், ஆனால் உள்ளே முட்டை முழு அளவு வளராமல் நின்றிருக்கும். இன்னும் சிலவற்றில், ஈஸ்ட்ரோஜன் செய்ய வேண்டிய வேளையில் சுவர் செல்கள் அவசரப்பட்டு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு மாறிவிடும். அது முட்டை வெளியேறிய பிறகு வர வேண்டியது. அது முந்திக்கொண்டு வந்தால், முட்டை முற்றுவதற்கு முன்பே கூடு மூப்படைந்துவிட்டது என்று அர்த்தம்.

நெல்லில் நமக்கு இது தெரிந்த கதைதான். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். வரப்பில் போகிறவன் கண் வைத்துவிட்டுப் போவான். அறுத்துத் தூற்றும்போது பாதி பதராகப் பறக்கும். தழையைப் பார்த்து மகசூலைக் கணக்கிட்டவன் ஏமாந்தவன். ஹார்மோனை மட்டும் பார்த்து முட்டையைக் கணக்கிடுவதும் அப்படித்தான்.

ஜாக்சன் ஆய்வுக்கூடத்து எலியே இதற்குச் சாட்சி. 1996-இல் பிறந்து பெரிதான அந்த எலி பின்னர் அளவுக்கு மீறிக் கொழுத்தது, நரம்புக் கோளாறும் கண்டது. பிறந்துவிட்டது என்று கைதட்டி விட்டுவிடாமல், அதே ஆய்வாளர்கள் குறையை ஒளிக்காமல் எழுதினார்கள். வளர்ப்பு முறையையும் ஊட்டநீரையும் மாற்றினார்கள். 2003-இல் அதே வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிறந்தன. முட்டையின் தரத்தைப் பார்த்துத் திருத்தியதால் வந்த பலன் இது.

ஆகவே நமது கருத்து இதுதான். இந்த ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் "கூடு இவ்வளவு பெரிதாயிற்று, ஹார்மோன் இவ்வளவு ஏறிற்று" என்ற அறிக்கையோடு திருப்தி அடையக் கூடாது. எத்தனை முட்டை முற்றியது, எத்தனை கரு பிடித்தது, எத்தனை குட்டி பிறந்தது, அந்தக் குட்டி வளர்ந்து தானும் ஈன்றதா என்று கேட்க வேண்டும். ஆட்டுக்காரனின் கணக்கு குட்டிக் கணக்கு. விஞ்ஞானியின் கணக்கும் கடைசியில் அங்கே வந்து சேர வேண்டும்.

நம் ஆடுகளுக்கு இது ஏன் வேண்டும்?

இராமநாதபுரம் சீமைக்கென்று சொந்தமான செம்மறி இனங்கள் உண்டு. ஒன்று இராமநாதபுரம் வெள்ளை. வெள்ளை உடம்பு, சிலவற்றில் கருப்பு அல்லது பழுப்புத் திட்டு, கிடாய்க்கு முறுக்குக் கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. இன்னொன்று கீழக்கரிசல். கருஞ்செம்மை நிறம், தலையிலும் வயிற்றிலும் காலிலும் கருப்பு, பெரும்பாலானவற்றுக்குக் கழுத்தில் தொங்கும் மணிச்சதை. இவை இரண்டும் நாட்டின் பதிவு பெற்ற இனங்கள். உவர் நீரையும் பங்குனி வெயிலையும் முள்காட்டு மேய்ச்சலையும் தாங்கிப் பழகியவை. கோடையில் கீதாரியோடு ஊர் ஊராக நடந்து, தரிசில் கிடை கிடந்து எருவும் கொடுத்துத் திரும்பி வரக்கூடியவை.

ஆனால் கலப்பில்லாத கீழக்கரிசல் மந்தையை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். எடை கூடும் என்று வெளியூர்க் கிடாயைக் கொண்டுவந்து விடுகிறோம். முதல் தலைமுறை குட்டி திடமாகத் தெரியும். நாலு தலைமுறையில் நம் ஆடு எது என்றே தெரியாமல் போய்விடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட வருடத்தில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது சிறு விவசாயி எதை விற்பான்? பெட்டை ஆட்டையும் சேர்த்துத்தான் விற்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைக் கண்ட கடற்கரை இது. மனிதருக்கே அந்தக் கதி என்றால் கரையோரத்து ஆட்டுப்பட்டி எம்மாத்திரம்?

இப்படிக் கைவிட்டுப் போகும் இனத்துக்குக் காப்பாக ஒரு வழி உண்டு. 1994-இல் எடின்பரோவில் காஸ்டன் என்பவரும் கூட்டாளிகளும், செம்மறி ஆட்டின் சினைப்பைத் துண்டுகளை மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைய வைத்து, பிறகு உருக்கி அதே ஆட்டின் உடம்பில் திரும்ப வைத்தார்கள். ஆடு சினை பிடித்துக் குட்டியும் ஈன்றது. மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது மருத்துவர் கொண்டுவரும் திரவ நைட்ரஜன் கலனை நாம் பார்த்திருக்கிறோம். அதே குளிர்தான் இது. உறைய வைத்துக் காப்பது ஒரு கை, கிண்ணத்தில் வளர்த்து முட்டை எடுப்பது மறு கை. இரண்டும் சேர்ந்தால், இன்று கசாப்புக் கடையில் வீணாகும் ஒரு நல்ல கீழக்கரிசல் ஆட்டின் வம்சத்தைப் பத்து வருடம் கழித்தும் எடுத்துக்கொள்ள இடமிருக்கும். விந்தை மட்டும் உறைய வைத்தால் பாதி இனம்தான் கையில் இருக்கும். முட்டையும் இருந்தால்தான் முழு இனம்.

இதற்கான வேலையைப் பெங்களூரிலும் திருப்பதியிலும் மட்டும் நடத்தினால் போதாது. அறுத்த சில மணி நேரத்துக்குள் சினைப்பை ஆய்வுக்கூடம் சேர வேண்டும். திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நம் தென்மாவட்ட ஆட்டினங்களுக்கென்று இந்த வசதியைச் செய்ய வேண்டும். வயதாகியோ விபத்திலோ கழிக்க வேண்டிய நல்ல பெட்டை ஆட்டை விவசாயி முன்கூட்டிச் சொன்னால், கால்நடை மருந்தகம் மூலம் சினைப்பையை எடுத்துப் போக ஏற்பாடு வேண்டும். எந்த ஊர், யார் பட்டி, என்ன குணம் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த விவசாயிக்கு உரிய தொகையும் தர வேண்டும். அந்த ஆட்டின் குணம் தலைமுறை தலைமுறையாக அவன் பாட்டன் பொறுக்கிச் சேர்த்தது, இலவசமாகக் கிடைத்தது அல்ல.

தவறான நம்பிக்கை வேண்டாம்

இதைச் சொன்னதும், "அப்படியானால் பெட்டைக் குட்டியை விற்றுவிடலாம், தேவைப்பட்டால் ஆய்வுக்கூடம் தரும்" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் பக்கத்து ஆய்வுக்கூடங்களில் செம்மறியில் கிடைத்தது கருவின் ஆரம்ப நிலை. அதிலிருந்து பட்டியில் துள்ளும் குட்டி வரை நெடுந்தூரம் இருக்கிறது. நூறு கூடு வைத்தால் கடைசி வரை தேறும் முட்டை மிகச் சிலவே. ஆட்டின் உடம்பு பல வாரங்கள் எடுத்துச் செய்யும் வேலையைச் சில நாட்களில் கிண்ணத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறார்கள். அவசரம் முட்டையில் தெரிகிறது. எனவே இன்றைக்கு இனத்தைக் காப்பது நம் பட்டிதான். ஆய்வுக்கூடம் இரண்டாவது பூட்டு. முதல் பூட்டைத் திறந்து போட்டுவிட்டு இரண்டாவதை நம்பக் கூடாது.

ஆறு மாதக் கணக்கு

கிண்ணத்துப் பாடம் பட்டிக்கும் பொருந்தும். விவசாயிகள் உடனே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய செய்தி இதில்தான் இருக்கிறது. செம்மறி ஆட்டில் ஒரு கூடு தூக்கத்திலிருந்து விழித்து வளரத் தொடங்கி, முட்டையை வெளியே விடும் வரை சுமார் ஆறு மாதம் ஆகிறது. அதில் பெரும்பகுதி மிக மெதுவான வளர்ச்சி. கடைசி ஒன்றரை மாதத்தில்தான் வேகம் பிடிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனி நடுவில் கிடாய் சேர்த்தால், அன்றைக்கு வெளிவரும் முட்டையின் கூடு மார்கழியிலேயே வளரத் தொடங்கியது. தையிலும் மாசியிலும் அறுவடைத் தாளில் ஆடு நன்றாக மேய்ந்திருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றி, மேய்ச்சல் காய்ந்து, ஆடு எலும்பும் தோலுமாக நிற்கும். கூடு வேகம் பிடிக்க வேண்டிய நேரமும் அதுவே. அப்போது பட்டினி போட்டுவிட்டு, ஆனியில் "ஆடு பருவத்துக்கு வரவில்லை, வந்தாலும் சினை பிடிக்கவில்லை" என்று வருந்துவதில் என்ன பயன்?

கிடாய் சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னதாக ஆட்டுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ அளவு அடர்தீவனம் கொடுக்கச் சொல்வார்கள். அது நல்ல பழக்கம், விடக் கூடாது. ஆனால் அது கடைசிப் படிக்கு மட்டும் போடும் உரம். கோடை முழுவதும் ஆடு அடியோடு இளைத்துப் போகாமல் காப்பதுதான் அடியுரம். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. உடைமரத்து நெற்றையும் சீமைக்கருவேல நெற்றையும் உதிரும் காலத்தில் பொறுக்கி, நன்றாகக் காய வைத்துச் சேமிக்க வேண்டும். சீமைக்கருவேல நெற்றை முழுசாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி நிலமெல்லாம் முளைக்கும். இடித்தோ அரைத்தோ மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுப்பது நல்லது. கடலைக்கொடியைப் படப்பு போட்டு மழை படாமல் காத்தால் சித்திரையில் கை கொடுக்கும். தாது உப்பும் நல்ல தண்ணீரும் தவறாமல் வேண்டும். உச்சி வெயிலில் மர நிழலில் அடைக்க வேண்டும். கடும் வெப்பம் முட்டையைக் கெடுக்கும்.

பருவத்துக்கு வராத ஆட்டை ஹார்மோன் மருந்து கொடுத்து வரவழைக்கும் முறையும் இருக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்து, உடம்பு தேறிய ஆட்டுக்குக் கொடுத்தால் பலன் உண்டு. இளைத்துக் கிடக்கும் ஆட்டுக்கு யாரோ சொன்னார் என்று ஊசி போட்டால், பருவ அறிகுறி தெரியலாம், குட்டி வருமென்று நம்ப முடியாது. கிண்ணத்தில் ஹார்மோன் ஏறியும் முட்டை தேறாத அதே கதைதான்.

செய்ய வேண்டியவை

விவசாயப் பெருமக்கள் தம் பட்டியில் உள்ள பெட்டை ஆடுகளில் வருடம் தவறாமல் ஈன்று குட்டியைத் தேற்றும் ஆடு எது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அந்த ஆட்டையும் அதன் பெட்டைக் குட்டியையும் கடைசியாகவே விற்க வேண்டும். கலப்பில்லாத இராமநாதபுரம் வெள்ளையோ கீழக்கரிசலோ வைத்திருப்பவர்கள் அதே இனத்துக் கிடாயைப் பக்கத்து ஊர்ப் பட்டியோடு மாற்றிக்கொண்டு, உறவுக் கலப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அரசின் கடமை வேறு. வறட்சி வருடத்தில் மாட்டுக்குத் தீவனம் ஒதுக்கும்போது பெட்டை ஆட்டையும் நினைக்க வேண்டும். ஓர் இனம் அழிந்த பிறகு கோடி கொட்டி ஆய்வுக்கூடம் கட்டுவதைவிட, சித்திரையில் இனப்பெருக்க ஆட்டுக்கு மூட்டைத் தீவனம் மலிவாகக் கொடுப்பது சிக்கனம். ஆய்வுக்கூடமும் வேண்டும். கசாப்புக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏதோ ஓர் ஆட்டோடு அது நின்றுவிடாமல், அருகிப் போகும் நம் ஆடுகளின் சினைப்பையிலும் வேலை தொடங்க வேண்டும். மாதிரிக்கு எடுக்கக்கூட ஆடு இல்லாத நாள் வந்துவிட்டால், எந்த ஊட்டநீரும் எந்த ஹார்மோனும் கீழக்கரிசலைத் திருப்பிக் கொடுக்காது. அந்த நாள் வருவதற்கு முன் துறையினர் ஆவன செய்ய வேண்டும்.